விரல் வெளுக்கிறதா? சிஸ்டமிக் ஸ்க்லரோடெர்மா என்று கேள்விப்பட்டவர்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு வழிகாட்டி

அக்காவின் கல்யாண மோதிரத்தைத் தேக்காவில் ஒரு நகைக்கடைக்காரர் வெட்டித்தான் எடுத்தார். சோப்புத் தண்ணீர், தேங்காய் எண்ணெய், நூல் சுற்றி இழுப்பது எல்லாம் வீட்டிலேயே செய்து பார்த்தாயிற்று. விரல் வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது. கடைக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு, "டாக்டரப் பாருங்கம்மா, இது சாதாரண வீக்கமாத் தெரியல" என்றார். அதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே, அலுவலகத்தில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்தால் அக்காவின் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். "உனக்கு ரத்தம் கம்மி, பீட்ரூட் சாப்பிடு" என்று நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு கிளினிக்கில் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்றார்கள். இன்னொன்றில் ஒவ்வாமை என்று களிம்பு கொடுத்தார்கள். சிஸ்டமிக் ஸ்க்லரோடெர்மா என்ற பெயர் எங்கள் காதில் விழ மேலும் ஒரு வருடம் ஆனது.

இப்போது ஆறு வருடமாக அக்காவோடு மருத்துவமனைக்குப் போய்வருகிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் மருத்துவர் சொல்வதுதான். ஆனால் நோயின் பெயரைக் கேட்ட அன்று இரவு, கைபேசியில் தேடித் தேடிப் பயந்து விடியும்வரை உட்கார்ந்திருந்தோமே, அப்போது யாராவது இதை வரிசையாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ தெம்பாக இருந்திருக்கும்.

பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள்

கிரேக்க மொழியில் ஸ்க்லரோஸ் என்றால் கெட்டியானது, டெர்மா என்றால் தோல். பெயரிலேயே தோல் இருப்பதால் இதைத் தோல் நோய் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கண்ணுக்குத் தெரிவது தோல். கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் நுரையீரலும் இதயமும் சிறுநீரகமும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்கள் சிஸ்டமிக் ஸ்க்லரோசிஸ் என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஒரே நோய்தான்.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே எதிரியாக எடுத்துக்கொள்கிறது. சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் கெட்டுச் சுருங்குகின்றன. அப்புறம், புண் ஆறும்போது தழும்பு உண்டாக்குமே கொலாஜன் என்ற நார்ப்பொருள், அதை உடம்பு தேவையில்லாத இடத்திலெல்லாம் உற்பத்தி செய்துகொண்டே போகிறது. புண்ணே இல்லாமல் தழும்பு விழுவது மாதிரி. அது தோலில் விழுந்தால் தோல் இறுகும், நுரையீரலில் விழுந்தால் மூச்சு வாங்கும், உணவுக்குழாயில் விழுந்தால் சோறு இறங்காது.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் சந்திப்பிலேயே உங்களுக்கு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வரையறுக்கப்பட்ட வகையில் முழங்கைக்குக் கீழே, முழங்காலுக்குக் கீழே, முகம் ஆகிய இடங்களில் மட்டும் தோல் தடிக்கும். பெரும்பாலும் மெதுவாகப் போகும். பரவும் வகையில் மேல்கை, தொடை, மார்பு, வயிறு வரை தடிப்பு ஏறும். முதல் சில வருடங்கள் வேகமாக இருக்கும், உள்ளுறுப்புகளும் சீக்கிரம் பாதிக்கப்படலாம். அக்காவுக்கு இரண்டாவது வகை. அதற்காக மனம் தளர வேண்டாம். இந்த வகையிலும் சில வருடங்களுக்குப் பிறகு தோல் இறுகுவது நின்று, பலருக்கு மெல்ல இளகத் தொடங்குகிறது. அக்காவின் மேல்கையை இப்போது கிள்ள முடிகிறது. மூன்று வருடம் முன்பு முடியவில்லை.

மார்ஃபியா என்று இன்னொன்று இருக்கிறது. தோலில் அங்கங்கே திட்டாகத் தடிப்பதோடு நின்றுவிடும் தனி நோய் அது. பெயர் குழம்பிப்போய் அதன் படங்களையும் இதன் படங்களையும் கலந்து பார்த்துப் பயப்படாதீர்கள்.

இது தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், குழந்தையைத் தூக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களில் ஒரு கூட்டத்தாரைத் தனியாகச் சொல்ல வேண்டும். கல், கான்கிரீட் வெட்டும், துளைபோடும் வேலையில் எழும் சிலிக்கா தூசிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் 1957லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். கட்டுமான வேலைக்கு வந்திருக்கும் நம் தம்பிகள் யாருக்காவது விரல் வெளுத்தால், என்ன வேலை செய்கிறோம், எத்தனை வருடமாகச் செய்கிறோம் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

விரலைப் பாருங்கள்

பெரும்பாலானோருக்கு முதல் அறிகுறி ரேனோ. பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ 1862ல் எழுதிய ஆய்வேட்டால் வந்த பெயர். குளிர் பட்டாலோ, மனம் பதறினாலோ, விரலுக்குப் போகும் ரத்தக் குழாய் சட்டென்று சுருங்கிக்கொள்ளும். விரல் வெளுக்கும், பிறகு நீலமாகும், ரத்தம் திரும்பும்போது சிவந்து சுருக்சுருக்கென்று குத்தும்.

நம் நிறத்துக்கு இந்த மூன்று நிறமும் படத்தில் இருப்பது போலத் தெளிவாகத் தெரியாது. அக்காவுக்கு விரல் சாம்பல் பூசிய மாதிரி ஆகும், அவ்வளவுதான். நகத்துக்கு அடியிலும் விரலின் உள்பக்கத்திலும் பாருங்கள், அங்கே தெரியும். வெளுக்கும்போது உடனே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரின் முன்னால் உட்காரும்போது விரல் சமர்த்தாக இருக்கும், நீங்கள் சொல்வது மட்டும்தான் மிஞ்சும்.

ரேனோ இருப்பவர்கள் எல்லோருக்கும் ஸ்க்லரோடெர்மா வருவதில்லை. பதின்ம வயதிலேயே தொடங்கி, வேறு எந்தத் தொல்லையும் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. முப்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினாலோ, விரல் வீங்கி மோதிரம் இறுகினாலோ, விரல் நுனியில் ஆறாத புண் வந்தாலோ, கூடவே நெஞ்செரிச்சலும் சோறு தொண்டையில் நிற்பதும் இருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

நம் போன்ற கருத்த தோலில் அதிகம் தெரியும் இன்னோர் அடையாளம் உண்டு. கழுத்து, மார்பு, மேல்கையில் தோல் வெளுத்து, நடுவே முடிக்கால்களைச் சுற்றி மட்டும் கறுப்புப் புள்ளிகள் நிற்கும். உப்பையும் மிளகையும் கலந்து தூவிய மாதிரி இருக்கும். இதை வெண்புள்ளி நோய் என்று எடுத்துக்கொண்டு பல மாதம் களிம்பு தடவுகிறவர்கள் உண்டு. அக்காவுக்குக் கழுத்தில் இது வந்தபோது, ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் முகத்துக்கு நேரே "குஷ்டமா?" என்று கேட்டார். அன்று வீடு திரும்பும்வரை அக்கா பேசவில்லை. தயவுசெய்து யாரிடமும் அப்படிக் கேட்காதீர்கள்.

எங்கே போவது

சந்தேகம் வந்தால் முதலில் உங்கள் குடும்ப மருத்துவர் அல்லது அரசாங்கப் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்). அங்கிருந்து ரூமட்டாலஜி பிரிவுக்கு, அதாவது மூட்டு வாதத்தையும் இது போன்ற எதிர்ப்புச் சக்திக் கோளாறுகளையும் பார்க்கும் பிரிவுக்கு, பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மூட்டு வலிக்காகப் போகும் எலும்பு மருத்துவம் வேறு, இது வேறு. இந்த இடத்தில் பலர் குழம்புகிறார்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, டான் டோக் செங் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகிய மூன்றிலும் ரூமட்டாலஜி பிரிவு இருக்கிறது.

பலதுறை மருந்தகம் வழியாகப் போனால் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சலுகைக் கட்டணம் கிடைக்கும். சாஸ் (CHAS, கிளினிக் கட்டணத்தில் சலுகை தரும் அரசுத் திட்டம்) அட்டை இருந்தால் சாஸ் கிளினிக் மருத்துவரின் கடிதமும் செல்லும். நேராக நிபுணரிடம் போய்விட்டால் தனியார் கட்டணம்தான், பிறகு சலுகைக்கு மாறுவது எளிதல்ல. சலுகை நோயாளியாகப் போனால் இன்ன மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்க முடியாது. அது பரவாயில்லை. நோய் நீண்டகாலம் கூடவே வரப்போகிறது, முதல் நாளே பணத்தைக் கரைக்காதீர்கள்.

தேதி தள்ளித்தான் கிடைக்கும். ஆனால் விரல் நுனி கறுத்தாலோ, மாடி ஏறினால் புதிதாக மூச்சு வாங்கினாலோ, ரத்த அழுத்தம் திடீரென்று ஏறினாலோ அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், தேவைப்பட்டால் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

முதல் சந்திப்பில் என்ன நடக்கும்

மருத்துவர் உங்கள் தோலைக் கிள்ளிப் பார்ப்பார். விளையாட்டாகத் தெரியும், ஆனால் அதற்குக் கணக்கு இருக்கிறது. உடம்பில் 17 இடங்களில் கிள்ளி, ஒவ்வோர் இடத்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 51. அந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் தோல் இளகுகிறதா இறுகுகிறதா என்று ஒப்பிட அதுதான் அளவுகோல்.

அப்புறம் நகக்கண்ணைப் பார்ப்பார்கள். எனக்கு மறக்கவே முடியாதது இதுதான். நகத்தின் அடியில் தோல் தொடங்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நுண்ணோக்கிக் கருவியை மேலே வைத்தார்கள். திரையில் ரத்த நுண்குழாய்கள் தெரிந்தன. நலமாக இருக்கும் விரலில் அவை கொண்டை ஊசிகளை வரிசையாக அடுக்கிய மாதிரி ஒரே சீராக இருக்குமாம். அக்காவின் விரலில் சில ஊதிப் பெருத்துப் புழு மாதிரி வளைந்திருந்தன, சில இடங்களில் ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக இருந்தது. இரண்டு வருடமாக "ரத்தம் கம்மி" என்று நாங்கள் சொன்னதற்கெல்லாம் அந்தத் திரைதான் பதில் சொன்னது. இந்தச் சோதனைக்குப் போகுமுன் நகப்பூச்சு போடாதீர்கள், நகக்கண் தோலை வெட்டாதீர்கள்.

ரத்தச் சோதனையில் முதலில் ஏஎன்ஏ பார்ப்பார்கள். உடம்பின் சொந்த செல்களின் கருவையே குறிவைத்து எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் எதிர்ப்பொருள் அது. நலமாக இருப்பவர்களுக்கும் அது இருக்கலாம், எனவே அது மட்டும் போதாது. மூன்று எதிர்ப்பொருள்களின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆன்டி-சென்ட்ரோமியர் இருந்தால் பெரும்பாலும் வரையறுக்கப்பட்ட வகை, நுரையீரல் ரத்தக் குழாயின் அழுத்தத்தைக் கவனிப்பார்கள். எஸ்சிஎல்-70 இருந்தால் நுரையீரல் தழும்பைக் கவனிப்பார்கள். ஆர்என்ஏ பாலிமரேஸ் 3 இருந்தால் சிறுநீரகத்தைக் கவனிப்பார்கள். உங்களுக்கு எது என்று தெரிந்தால், எதற்காக அடிக்கடி சோதிக்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

நன்றாக இருக்கும்போதும் சோதனைக்குப் போங்கள்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று தேதியைத் தள்ளிப்போடுவது. நுரையீரல் தழும்பு ஆரம்பத்தில் வலிக்காது, இருமல்கூட இருக்காது. மருத்துவர் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் கீழ்ப்பகுதியில் வெல்க்ரோவைப் பிரிப்பது போல் ஒரு சத்தம் கேட்கும். அதற்கும் முன்பே சிடி ஸ்கேனில் தெரிந்துவிடும்.

மூச்சு ஊதும் சோதனை கொஞ்சம் கஷ்டம். மூக்கில் கிளிப் போட்டு, வாயில் குழாயைக் கவ்வி, உள்ளே இருக்கும் காற்றை ஒட்ட ஊத வேண்டும். வாய் சிறுத்துப்போனவர்களுக்கு உதட்டோரம் காற்று கசியும், எண் குறைவாக வந்துவிடும். ஊதுவதற்கு முன்பே அதைச் சோதனையாளரிடம் சொல்லுங்கள். அக்காவின் நோட்டில் ஒவ்வொரு தடவையும் இரண்டு எண்களை எழுதுகிறேன்: ஊதிய காற்றின் அளவு ஒன்று, நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்பது இன்னொன்று. இதயத்துக்கு எக்கோ என்ற ஒலியலை ஸ்கேன், பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை.

வீட்டில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. ரத்த அழுத்தக் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள். பரவும் வகையில், முக்கியமாக முதல் ஐந்து வருடத்தில், சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்கள் திடீரென்று பாதிக்கப்பட்டு அழுத்தம் எகிறலாம். கேப்டோப்ரில் வகை ரத்த அழுத்த மருந்துகள் வருவதற்கு முன் இது பெரும்பாலும் உயிரையே பறித்தது. இப்போது சீக்கிரம் பிடித்தால் காப்பாற்ற முடிகிறது. மேல் எண் உங்கள் வழக்கத்தைவிட 30 ஏறினாலோ, கடும் தலைவலியும் கண் மங்கலும் வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எவ்வளவுக்கு ஒருமுறை அளப்பது என்று மருத்துவர் சொல்வார். அக்கா வாரம் மூன்று நாள், காலைக் காப்பிக்கு முன்பு அளக்கிறார்.

ஸ்டீராய்டு மாத்திரையை அதிக அளவில் எடுத்தால் இந்தச் சிறுநீரக ஆபத்து கூடும். வேறு ஏதோ நோய்க்கு வேறு மருத்துவர் அதை எழுதிக் கொடுத்தால், உங்கள் ரூமட்டாலஜி மருத்துவரிடம் கேட்காமல் விழுங்காதீர்கள். பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடி, லேகியம் ஆகியவற்றுக்கும் இதையே சொல்வேன். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

மருந்து பற்றி

நோயை முற்றிலும் போக்கும் மருந்து இல்லை. உறுப்பு உறுப்பாகக் காப்பாற்றுகிறார்கள். விரலுக்கு ரத்தக் குழாயைத் தளர்த்தும் நிஃபெடிபின் மாதிரியான மருந்து, நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல், தோலுக்கும் நுரையீரலுக்கும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைகோஃபெனோலேட். நுரையீரல் தழும்புக்கு நின்டெடானிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2019ல் அனுமதி கிடைத்தது, அதற்குப் பின் டோசிலிசுமாப் 2021ல். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மைகோஃபெனோலேட் கருவுக்குக் கேடு. குழந்தை வேண்டும் என்றால் முன்கூட்டியே பேசி மருந்தை மாற்ற வேண்டும். கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

வீட்டிலும் வெளியிலும்

வெப்ப நாட்டில் இருந்துகொண்டு குளிருக்குப் பயப்படுவதா என்று கேட்பார்கள். வெளியே 32 டிகிரி, எம்ஆர்டி ரயிலுக்குள் ஏறினால் நடுக்கம். இந்த ஏற்ற இறக்கம்தான் விரலைப் பிடிக்கிறது. கையுறை மட்டும் போதாது. உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தாலே விரலுக்கு ரத்தம் குறைந்துவிடும். அக்கா ரவிக்கைக்குள் மெல்லிய பனியன் போடுகிறார், பையில் எப்போதும் ஒரு சால்வை, ஒரு ஜோடி காலுறை. பேருந்தில் ஏறியதும் தலைக்கு மேலிருக்கும் காற்றுத் துவாரத்தைத் திருப்பிவிடுவார். அலுவலகத்தில் மேலாளரிடம் மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்து இடம் மாற்றிக் கேட்டார், கொடுத்தார்கள். கேளுங்கள்.

உறைபெட்டியிலிருந்து இட்லி மாவையோ மீனையோ எடுக்கும்போது அடுப்புக் கையுறை போடுங்கள். விரல் வெளுத்துவிட்டால் கொதிநீரில் விடாதீர்கள். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், அல்லது கையை அக்குளில் வைத்துக்கொள்வது போதும். புகைப்பிடிப்பவர் உடனே விட வேண்டும். மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகள் ரத்தக் குழாயைச் சுருக்கும், மருந்தாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் மிகவும் வருத்திய விஷயம், அக்காவால் சாதத்தைப் பிசைய முடியாமல் போனது. விரல் மடங்கவில்லை. குழம்பு ஊற்றிய சோற்றின் முன் அவர் கரண்டியை எடுத்த முதல் நாள், அம்மா அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். கைக்கான பயிற்சியாளரிடம் பரிந்துரை கேட்டு வாங்கினோம். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஊறவைத்து, வாசனையில்லாத தடித்த களிம்பைப் பூசி, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டுவார். வாய்க்கும் பயிற்சி உண்டு, கண்ணாடி முன் நின்று முடிந்தவரை அகலத் திறப்பது. வாய் சிறுத்தால் பல் துலக்குவதும் பல் மருத்துவரிடம் போவதும் சிரமமாகிவிடும். குழந்தைகளுக்கான சின்னத் தலை டூத்பிரஷ் நல்லது. பயிற்சியை ஆரம்பத்திலேயே தொடங்குங்கள், இறுகிய பின் இளக்குவது கடினம். இப்போது அக்கா தயிர்சாதம் மட்டும் கையால் சாப்பிடுகிறார்.

சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. உலர்ந்த சோறு, புட்டு போன்றவை தொண்டையில் நிற்கும். மோரோ நீர்த்த பருப்போ சேர்த்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுப்பதற்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி எரிச்சல் கூடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்துங்கள்.

கோயிலுக்கு வெறுங்காலோடு போகும்போது விரலில் புண் இருந்தால் காலுறை போட்டுக்கொள்ளலாம், சாமி கோபிக்க மாட்டார்.

செலவு

மெடிஷீல்டு லைஃப் என்ற அரசு மருத்துவக் காப்புறுதியும் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கும் எதற்குக் கைகொடுக்கும், எதற்குக் கொடுக்காது என்பதைச் சோதனைக்கு முன்பே கட்டணப் பிரிவில் கேட்டுவிடுங்கள். கட்ட முடியாத நிலை வந்தால் மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் சொல்லுங்கள்; சிங்கப்பூரர்களுக்கு மெடிஃபண்டு என்ற அரசு உதவி நிதியின் வழி அங்கேதான் திறக்கும். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். 2023 ஜூலை முதல் அது வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. ஆனால் அது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்கும்தான். வெளிநோயாளிச் செலவு பற்றி முதலாளியிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கும்.

பணப்பையில் ஓர் அட்டை

கடைசியாக, ஓர் அட்டை எழுதி வையுங்கள். இந்த நோயை எல்லா மருத்துவர்களும் தினமும் பார்ப்பதில்லை. அக்காவின் அட்டையில் ஆங்கிலத்தில் ஐந்து வரி இருக்கிறது: நோயின் பெயரும் வகையும், எதிர்ப்பொருளின் பெயர், வழக்கமான ரத்த அழுத்தம், சாப்பிடும் மருந்துகள், 'அதிக அளவு ஸ்டீராய்டு கொடுக்குமுன் ரூமட்டாலஜியைக் கேட்கவும்' என்ற வரி. மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் தெரிய வேண்டும் என்று, வாய் அதிகம் திறக்காது என்பதை நான் பின்னால் பென்சிலில் சேர்த்தேன். பணப்பையில், பேருந்துக்கும் ரயிலுக்கும் தட்டும் ஈஸிலிங்க் அட்டைக்குப் பின்னால் அது இருக்கிறது. மருந்து மாறும்போதெல்லாம் புதிதாக எழுதிப் பழையதைக் கிழித்துவிடுகிறோம்.